கார் கண்ணாடியை உடைக்க வைத்த பொம்மை!

2016. அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலம். பூட்டிய காருக்குள் பச்சைக்குழந்தை அசைவில்லாமல் கிடப்பதாகத் தகவல். ஓடிவந்த போலீஸ் அதிகாரி கண்ணாடியை உடைத்துத் தூக்கினார். முதலுதவி செய்யப் போனபோதுதான் தெரிந்தது... அது பொம்மை!

இதற்கு 'ரீபார்ன்' என்று பெயர். வினைல் உறுப்புகளில் மெல்லிசாக வண்ணம் பூசி, ஓவனில் சூடாக்கி, மறுபடி பூசுவார்கள். பச்சை நரம்பு, கன்னச் சிவப்பெல்லாம் இப்படி வருவதுதான். தலைமுடி? அங்கோரா ஆட்டின் ரோமம். அதை ஊசியால் ஓரிரு இழைகளாகக் குத்தி நடவேண்டும். ஒரு தலைக்கே பல நாள் பிடிக்கும். உள்ளே கண்ணாடி மணிகள்; தூக்கினால் நிஜக் குழந்தையின் கனம்.

அந்த பொம்மைக்குச் சொந்தக்காரர், மகனைப் பறிகொடுத்த தாய். 'பொம்மையோடு என்ன கொஞ்சல்?' என்று சிரிப்பதற்கு முன், அந்தக் கனம் யாருக்குத் தேவைப்படுகிறது என்று யோசிப்போமே!