கவனச் சிதறல் யார் குற்றம்?

விரிவுரை மண்டபத்திற் பராக்குப் பார்க்கும் மாணவனை மனவுறுதியற்றவன் எனப் பழிப்பது எளிது. வேலையைக் கூட்டினால் மனம் அலையாது என்பது அப்பழிப்போடு ஒட்டிவரும் மருந்து. இரண்டும் ஆராயாது கூறப்படுவன.

2001 இல் டி ஃபொக்கேர்ட், லாவி முதலியோர் இலண்டனில் நடத்திய பரிசோதனையை நோக்குக. பங்குபற்றியோர் சில இலக்கங்களின் ஒழுங்கை மனத்திற் கொண்டவாறே, திரையிலுள்ள பெயர் அரசியல்வாதியினதா பாடகரினதா எனக் கூறவேண்டும். உடன்தோன்றும் முகத்தைப் புறக்கணிக்கவேண்டும். இலக்கங்களின் ஒழுங்கு மாறிமாறி வந்து நினைவின் சுமை ஏறியபோது, முகங்களுக்குரிய மூளைப்பகுதி கூடுதலாகத் தொழிற்பட்டது. முகம் பெயரோடு முரண்படுகையில் விடையும் முன்னிலும் தாமதித்தது. அவர்கள் விரும்பியா முகத்தை நோக்கினர்? வேண்டாததை விலக்குவதற்கும் தொழிற்படு நினைவே வேண்டும்; அதுவோ வேறு சுமையால் நிரம்பியிருந்தது.

கண்ணுக்குரிய வேலை கடினமாயின் பராக்குக் குறையும் என்பதை லாவியே 1995 இற் காட்டினார். உண்மை. ஆயின் சொல்லுக்குச் சொல் குறிப்பு ஒப்புவிக்கும் விரிவுரை ஏற்றும் சுமை அதுவன்று. முன்வாக்கியத்தை மனத்திற் சுமந்து எழுதுகையிலேயே பின்வாக்கியம் காதில் விழுகிறது. (குறிப்பெடுத்தல் நினைவுக்குத் துணை என்பர், தன் சொல்லில், தன் வேகத்தில் எடுப்பவனுக்கு அது பொருந்தலாம்.) இலக்கங்களைச் சுமந்தவனுக்கும் இவனுக்கும் வேறுபாடென்ன? யன்னலருகே காகம் கரைந்தால் இவன் திரும்பத்தான் செய்வான். அதற்கு வரவிடாப்பையும் கண்டிப்பையும் நீட்டுவோர் முதலில் தம் வாக்கியங்களைக் குறுக்கட்டும். இடையிடையே சற்றுப் பேசாதிருக்கட்டும்.