வாத்துக்குக் குளம் இரண்டாம் பட்சம்

வாத்து வளர்க்க என்ன வேண்டும் என்று யாரைக் கேட்டாலும் குளம் வேண்டும் என்பார்கள். விற்கிறவனும் அதைத்தான் சொல்கிறான். "தண்ணி காட்டினா போதும் சார், அது பாட்டுக்கு இருக்கும்." பாகூர்ப் பக்கத்தில் தோட்டத்தோடு கூடிய வீட்டில் 12 வருடமாக வாத்து வைத்திருப்பவன் என்ற முறையில் எனக்கு இதில் உடன்பாடு இல்லை. குளம் இல்லாமல் வாத்து நன்றாகவே இருக்கும். மூக்குத் துவாரம் முழுகும்படி தலையை முக்கி அலசிக்கொள்ள ஆழமான ஒரு வாளியும், வாரத்தில் சில நாள் உடம்பை நனைத்துக்கொள்ள ஒரு தொட்டியும் போதும். ஆனால் சாயங்காலம் தவறாமல் சாத்தப்படுகிற கதவு ஒன்று இல்லாவிட்டால் அது பிழைக்காது.

எங்கள் கொம்யூனில் இப்போது ஒரு வழக்கம். ஓய்வு பெற்றதும் ஊரில் வீடு கட்டுகிறார்கள். பின்பக்கம் நாலு தென்னை, ஒரு முருங்கை. பேரப்பிள்ளைகள் லீவுக்கு வந்தால் பார்க்கட்டும் என்று ஆறு வாத்து. மூன்று மாதம் கழித்துப் போய்ப் பார்த்தால் ஒன்றோ இரண்டோ நிற்கும். கேட்டால், "நாய் கொண்டு போச்சு", "மரநாய் வந்துச்சு", "கீரி சார்" என்று ஏதோ விதி மாதிரிச் சொல்வார்கள். நாய்க்கும் மரநாய்க்கும் அது தொழில். பொழுது சாயும் நேரத்தில் வீட்டில் ஆள் இருந்தும் யாரும் எழுந்து போகவில்லை என்பதுதான் விஷயம். டிவியில் சீரியல் ஆரம்பிக்கிற நேரமும் அதுதான் என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். விளக்கு வைத்ததும் தூங்கப் போகிறவனை அந்த மொழியில் "கோழிகளோடு படுக்கிறவன்" என்பார்கள். வாத்துகளோடு படுக்கிறவன் என்று சொல்லி நான் கேட்டதில்லை. அதில் அர்த்தம் இருக்கிறது. கோழி பொழுது சாய்ந்ததும் தானாக வந்து கூட்டில் ஏறிவிடும். கூடு இல்லையென்றால் முருங்கைக் கிளையிலாவது ஏறி உட்காரும். வாத்து அப்படியல்ல. இருட்டைப் பற்றி அதற்குப் பெரிய கவலை கிடையாது. நன்றாக இருட்டிய பிறகும் சேற்றில் நத்தை தேடிக்கொண்டிருக்கும். களைத்தால் இருந்த இடத்திலேயே தரையில் படுத்துக்கொள்ளும். மரம் ஏறத் தெரியாது. உடம்பு கனத்துவிட்டதால் பறக்கவும் வராது. மணிலா வாத்து மட்டும் விலக்கு. அது தென்னமெரிக்கக் காட்டிலிருந்து வந்த வேறு ஜாதி, கிளையில் உட்காரும். மற்றவற்றை நாம்தான் போய் ஓட்டி வந்து அடைக்க வேண்டும். கார்த்திகையில் ஐந்தே முக்காலுக்கே இருட்டிவிடுகிறது. ஆனியில் ஆறரையைத் தாண்டும். கடிகாரம் பார்த்துச் செய்கிற வேலையல்ல, வானத்தைப் பார்த்துச் செய்கிற வேலை.

என்னோடு பள்ளியில் படித்த நண்பர் ஒருவர், இன்றைக்கும் என்னை முசியே என்றுதான் கூப்பிடுவார், என் வாத்துக் கொட்டகையைப் பார்த்துவிட்டு, "என்ன முசியே, ஜெயில் மாதிரி இருக்கு? இயற்கையா விட்டுட வேண்டியதுதானே?" என்றார். இந்த "இயற்கையாக" என்ற சொல்லை நகரத்திலிருந்து வருகிறவர்கள்தான் அதிகம் சொல்கிறார்கள். வாத்தை உண்மையிலேயே திறந்தவெளியில் வளர்க்கிறவர்கள் யார்? நாடோடியாக மேய்க்கிறவர்கள். சம்பா அறுவடை முடிந்ததும் வயல்களில் நூற்றுக்கணக்கான வாத்துகளோடு வந்து இறங்குவார்களே, அவர்கள். சிந்திய நெல், நத்தை, பூச்சி என்று பகல் முழுக்க மேயவிடுவார்கள். பொழுது சாய்ந்தால்? மேடான ஒரு களத்தில் வலையைக் கட்டி வளைத்து, அத்தனையையும் உள்ளே விட்டு, பக்கத்திலேயே ஒரு குடிசை போட்டு மனிதன் படுத்துக்கொள்கிறான். காவலுக்கு ஒரு நாயும் இருக்கும். அந்த வாத்துகளுக்குக் குளம் உண்டு, வாய்க்கால் உண்டு, வானம் உண்டு. அப்படியும் ராத்திரியில் அவை அடைபட்டுத்தான் கிடக்கின்றன. தலைமுறை தலைமுறையாக வாத்தை வைத்துச் சோறு தின்கிறவன் செய்வதை, ஆறு வாத்து வாங்கிய நாம் ஏன் செய்யக் கூடாது?

இன்னொன்று. அந்த வலைக்குள்ளேதான் விடியற்காலையில் முட்டை பொறுக்குகிறார்கள். வாத்து பெரும்பாலும் விடிவதற்கு முன்னும் விடிந்த கொஞ்ச நேரத்துக்குள்ளும் முட்டையிடும். ஆறு மணிக்கே கதவைத் திறந்துவிட்டால் வாய்க்காலிலும் புதரிலும் போட்டுவிட்டு வரும். "எங்க வாத்து முட்டையே வைக்கல" என்று புகார் சொல்கிறவர்கள் எட்டரை வரை பொறுத்துப் பார்க்கட்டும்.

சரி, அடைக்கிறோம், எதில் அடைப்பது? இங்கேதான் பாதிப் பேர் கோழிக்கூண்டை வாங்கிவந்து வைக்கிறார்கள். காலுக்கு உயரமாக, கம்பித் தரையோடு, ஏணி வைத்துக் கடைகளில் விற்கிறதே, அது. வாத்துக்கு இதைவிடத் துன்பம் வேறில்லை. அதன் பாதம் சேற்றுக்கும் தண்ணீருக்கும் ஆனது. கம்பியில் நின்றால் புண்ணாகும். ஏணியில் ஏற அதற்கு வராது. சாய்வுப் பலகை வைத்தாலும் தயங்கும். அதற்கு வேண்டியது தரை. சுற்றுத் தரையைவிட அரையடி உயர்த்திய மேடு, மேலே உமியோ வைக்கோலோ கனமாகப் பரப்பியிருந்தால் போதும். ஒரு வாத்துக்கு 4 சதுர அடி என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். என்னிடம் இருப்பது ஐந்து. அவற்றுக்கு 6 அடிக்கு 4 அடி. வாசல் அகலம் 2 அடி. வாத்து ஒன்றன்பின் ஒன்றாக வந்தாலும் வாசலில் எல்லாம் ஒரே நேரத்தில்தான் நுழையப் பார்க்கும், ரேஷன் கடை வரிசையைப் போல. குறுகலாக இருந்தால் நசுங்கிக் கால் பிசகும். வாத்துக்குக் கால் மிகவும் மெல்லிசு. காலைப் பிடித்துத் தூக்குகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். இரண்டு கையாலும் இறக்கையோடு சேர்த்து உடம்பை அணைத்துத் தூக்க வேண்டும்.

குளிரைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். பிரெஞ்சுக்காரர்கள் கடுங்குளிரை "வாத்துக் குளிர்" என்பார்கள். அந்தக் குளிரில் விறைத்து உட்கார்ந்து வாத்துக்காகக் காத்திருந்த வேட்டைக்காரர்கள் வைத்த பெயராம். அதைத் தாங்குகிற பிராணிக்கு நம் மார்கழிப் பனி எம்மாத்திரம்? இந்த ஊரில் அதை வாட்டுவது புழுக்கம்தான். தகரக் கூரை போட்டு நாலு பக்கமும் அடைத்தால் சித்திரையில் உள்ளே வெந்துவிடும். வாத்தின் எச்சம் முக்கால்வாசிக்கு மேல் தண்ணீர், மூச்சிலும் ஈரம் போகும். காற்று வெளியேறாவிட்டால் விடிவதற்குள் உள்ளே நெடி கண்ணைக் கரிக்கும். எனவே மேலே கீற்று. சுவரை இரண்டடிக்கு எழுப்பி அதற்கு மேல் கூரை வரை கம்பிவலை. படுத்திருக்கும் வாத்தின் மேல் நேராகக் காற்று அடிக்காது, தலைக்கு மேலே ஓடிக்கொண்டிருக்கும். கோழிவலை என்று விற்கிற மெல்லிய அறுகோண வலை வேண்டாம். அது கோழியை உள்ளே வைக்க ஆனது, நாயை வெளியே நிறுத்த அல்ல. கெட்டியான வெல்டு மெஷ்ஷாக, அரை அங்குலக் கண்ணுள்ளதாகப் பாருங்கள். செலவு கூடத்தான். பெருச்சாளி பறிக்காமல் இருக்க அந்த வலையை ஓரடி மண்ணுக்குள் இறக்கிப் புதைக்க வேண்டும். கதவுக்குத் தாழ்ப்பாளோடு ஒரு கொண்டியும் இருக்கட்டும்.

ராத்திரி உள்ளே தீனி வைக்கலாமா என்று கேட்கிறார்கள். வேண்டாம். சாயங்காலம் வெளியிலேயே வயிறார வைத்துவிட்டு அடையுங்கள். வாத்து ஒரு வாய் தீனி, ஒரு வாய் தண்ணீர் என்று மாற்றி மாற்றித்தான் சாப்பிடும். உள்ளே இரண்டையும் வைத்தால் உமி முழுக்கக் கூழாகிவிடும். ஈரமான தீனியில் பூஞ்சை பிடிக்கும். கடலைப் புண்ணாக்கில் பிடிக்கும் பூஞ்சை வாத்துக்கு, முக்கியமாகக் குஞ்சுக்கு, விஷம். 1960-ல் இங்கிலாந்தில் சுமார் ஒரு லட்சம் வான்கோழிகள் செத்தபோது காரணம் தெரியாமல் திகைத்தார்கள். கடைசியில் இறக்குமதியான கடலைப் புண்ணாக்கின் பூஞ்சை என்று கண்டுபிடித்தார்கள். அஃப்ளடாக்சின் என்ற பெயரே அதற்குப் பிறகு வந்ததுதான். தண்ணீர் மட்டும் கோடையில் வைக்கலாம், மூலையில், ஒரு கம்பித் தட்டின் மேல், கவிழாத பாத்திரத்தில். தினமும் காலையில் நனைந்த உமியை அள்ளித் தென்னை மூட்டில் போட்டுவிட்டு மேலே புதிதாகத் தூவ வேண்டும். இதற்குப் பத்து நிமிஷம். என் தென்னைகளைப் பார்த்தவர்கள் என்ன உரம் போடுகிறீர்கள் என்று கேட்கிறார்கள்.

ராத்திரி ஒருமுறை டார்ச்சோடு போய்ப் பார்ப்பது என் வழக்கம். எல்லாம் ஒரு பக்கமாக ஒட்டிப் படுத்திருக்கும். ஓரத்தில் இருப்பது மட்டும் ஒரு கண்ணைத் திறந்து வைத்திருக்கும், அதுவும் வெளிப்பக்கத்துக் கண்ணை. இது என் கற்பனை அல்ல. 1999-ல் அமெரிக்காவில் இதை ஆராய்ந்தார்கள். வரிசையின் ஓரத்தில் படுக்கும் வாத்துக்கு மூளையில் ஒரு பாதி தூங்கும்போது மறுபாதி விழித்திருக்கிறது என்று எழுதினார்கள். ஆகவே ஒற்றை வாத்தாக வாங்காதீர்கள். காவல் மாற்றிக்கொள்ள அதற்குத் துணை இல்லாமல் போகும். சத்தத்துக்கும் மிரளும். தீபாவளி ராத்திரியில் வெடிச் சத்தம் கேட்டு இருட்டில் ஒன்றன்மேல் ஒன்று ஏறி மிதித்துக்கொள்ளும். அன்றைக்கு மட்டும் ஒரு சின்ன மங்கல் விளக்கைப் போட்டு வைப்பேன். குஞ்சாக இருந்தால் கதை வேறு. தாய் இல்லாத குஞ்சின் தூவியில் எண்ணெய்ப் பசை இருக்காது. நனைந்தால் விறைத்துப் போகும். முதல் மூன்று வாரம் ராத்திரியில் ஒரு குண்டு பல்பின் சூடு வேண்டும். திருவிழாக் கடையில் பேத்தி அழுதாள் என்று வாங்கிவந்து அன்றே பக்கெட் தண்ணீரில் நீந்த விடுகிறவர்கள் இதை அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும்.

2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது எங்கள் தெருவில் முழங்கால் தண்ணீர். ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் பெய்த மழை. வாத்துதானே, மிதக்கும் என்றார் ஒருவர். மிதக்கும்தான், மிதந்து எங்கே போகும்? வாய்க்காலோடு போகும். சாயங்காலமே நாங்கள் ஐந்தையும் தூக்கிவந்து பின்கட்டுக் குளியலறையில் விட்டோம். மறுநாள் அந்தக் குளியலறையைக் கழுவியது யார் என்பது பற்றி என் மனைவிக்கும் எனக்கும் இன்னும் கருத்து வேறுபாடு இருக்கிறது.

இத்தனையும் வயதானவர்களால் முடிகிற வேலைதான். முடியாமல் போகிற நாள்தான் பிரச்சினை. கதவு என்பது வருடத்துக்கு 365 சாயங்காலம். கல்யாணம், கருமாதி, மகன் வீட்டுக்குப் பயணம், ஆஸ்பத்திரி எதுவும் அதற்குத் தெரியாது. எனக்குக் கண்புரை ஆபரேஷன் ஆனபோது குனியக் கூடாது, தூசு படக் கூடாது என்றார்கள். மனைவிக்கு மூட்டுவலி. நல்லபடியாக வைத்திருந்தால் வாத்து எட்டு, பத்து வருடம் இருக்கும். எனக்கு இப்போது 74. கணக்கு உங்களுக்கே புரியும்.

நாமினி பெயர் எழுதாத விண்ணப்பங்களை முப்பது வருடத்துக்கு மேல் திருப்பி அனுப்பியவன் நான். என்னைத் திட்டாத பென்ஷன்தாரர் குறைவு. ஆனால் எழுதாமல் விட்டுப் போனவர்களின் வீட்டுப் பெண்கள் எங்கள் கவுண்டரில் வந்து நின்றதையும் பார்த்திருக்கிறேன். அதே கண்டிப்போடு சொல்கிறேன், வாத்துக்கும் ஒரு நாமினி வேண்டும். உங்களால் முடியாத சாயங்காலத்தில் வந்து கதவைச் சாத்துகிறவர் இன்னார், நீங்கள் இல்லாமல் போனால் அவற்றை எடுத்துக்கொள்கிறவர் இன்னார் என்று பெயர் சொல்ல முடியாதவர்கள் வாத்து வாங்கக் கூடாது. கண்டிப்பாகத்தான் சொல்கிறேன். எதிர்வீட்டில் பிளஸ் ஒன் படிக்கும் பையன் எனக்கு அந்த ஆள். அவன் அம்மாவிடம் முதலில் கேட்டு, பிறகு அவனிடம் கேட்டு, மேல் தாழ்ப்பாள், கீழ்க் கொண்டி, தலை எண்ணுவது எல்லாம் ஒரு வாரம் கூடவே நின்று காட்டிக்கொடுத்தேன். அவன் சாத்துகிற நாளின் முட்டை அவனுக்கு. நான் ஊரில் இல்லாதபோது "ஐந்தும் உள்ளே தாத்தா" என்று போனில் செய்தி வந்துவிடும்.

ஜெயில் என்று சொன்ன அந்த நண்பர் இப்போது தனக்கு ஒரு ஜோடி வேண்டும் என்கிறார். நாமினி யார் என்று கேட்டேன். யோசிக்காமல் மனைவி பெயரைச் சொன்னார். போனை அந்த அம்மாவிடம் கொடுக்கச் சொன்னேன். "என்ன வாத்து அண்ணா? என்கிட்ட யாரும் ஒண்ணும் சொல்லலியே" என்றார். ஜோடி இன்னும் என் வீட்டில்தான் இருக்கிறது.