எங்கே நின்று எடுத்தீர்கள்?

ஃபிளிக்கர் தளத்தில் ‘டிலீட் மீ’ என்று ஒரு குழு இருந்தது. உறுப்பினர் ஒரு படத்தைப் போடுவார். மற்றவர்கள் ‘தூக்கு’ என்றோ ‘இருக்கட்டும்’ என்றோ ஓட்டுப் போடுவார்கள். தூக்கச் சொல்லிப் பத்து ஓட்டு விழுந்தால் படம் வெளியே. 2006இல் அங்கே ஒரு கறுப்பு வெள்ளைப் படம் வந்தது. உயரத்திலிருந்து எடுத்தது. சுருண்டு இறங்கும் படிக்கட்டு, கூடவே வளைந்து போகும் இரும்புக் கைப்பிடி, கீழே தெரு, இடப்பக்க மேல்மூலையில் கலங்கலாக ஒரு சைக்கிள்காரர். எதுவுமே துல்லியமாக இல்லாதபோது சைக்கிளின் வேகம் மட்டும் எப்படித் தெரியும் என்றார் ஒருவர். சின்னது, மங்கல் என்றார்கள் மற்றவர்கள். தூக்கிவிட்டார்கள். அது புகழ்பெற்ற ஒளிப்படக் கலைஞர் ஆன்ரி கார்த்தியே-ப்ரெஸ்ஸோன் 1932இல் பிரான்சின் தென்பகுதி ஊரான இயேரில் எடுத்த படம்.

இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் வழக்கமாக ஓட்டுப் போட்டவர்களைப் பார்த்துச் சிரிப்பார்கள். நமக்குச் சிரிக்கத் தோன்றவில்லை. சைக்கிள் கலங்கித்தான் இருக்கிறது. பெரிய பெயரைப் பார்த்துவிட்டுத் தலையாட்டுவதைவிடக் கண்ணில் பட்டதைச் சொல்வது மேல். கோளாறு வேறு இடத்தில். அந்தக் குழுவின் ஏற்பாடே தீர்ப்புச் சொல்வதற்கானது, கேட்பதற்கானது அல்ல. எங்கே நின்றீர்கள், சைக்கிள் வரும் என்று காத்திருந்தீர்களா, கைப்பிடியை ஏன் அவ்வளவு பெரிதாக விட்டுவைத்தீர்கள் என்று நாலு கேள்வி கேட்டிருந்தால், இன்னொருவர் படத்தைக் கொண்டுவந்து போட்டவர் அங்கேயே திணறியிருப்பார்.

இத்தனைக்கும் ஃபிளிக்கர் பிறந்ததே அரட்டையில்தான். கனடாவின் வான்கூவரில் இணைய விளையாட்டு ஒன்றை உருவாக்கிக்கொண்டிருந்த சிறு நிறுவனம், அதற்காகச் செய்துவைத்திருந்த கருவிகளைக் கொண்டு 2004இல் அதைத் தொடங்கியது. முதல் வடிவத்தில் அது ஓர் அரட்டை அறை. பேச்சுக்கு நடுவே படங்களைக் கைமாற்றிக்கொள்ளலாம். நிறுவனர்களில் ஒருவரான கேத்தரினா ஃபேக்கும் உடன் வேலை செய்தவர்களும் புதிதாக வருகிறவர்களைத் தாங்களே வரவேற்றுப் பேச்சுக் கொடுத்தார்கள். படத்தின் மேலேயே சின்னக் கட்டம் போட்டு அந்த இடத்தைப் பற்றி மட்டும் எழுதவும் வசதி இருந்தது. ‘கம்பம் அவர் தலையில் முளைத்த மாதிரி இருக்கிறதே’ என்பதைக் கம்பத்தின் மேலேயே எழுதலாம். இன்றைய இதயக்குறியால் ஆகிற காரியமா அது?

அதற்கெல்லாம் முன்னால் தபால் இருந்தது. 1861இல், உள்நாட்டுப் போர் மூண்ட அதே ஆண்டில், அமெரிக்காவில் ‘அமெச்சூர் ஃபோட்டோகிராஃபிக் எக்ஸ்சேஞ்ச் கிளப்’ தொடங்கியது. அதில் இருந்த கோல்மன் செல்லர்ஸ் எஞ்சினியர், ஃபிரெடரிக் தாம்ஸன் வங்கிக்காரர். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஒவ்வொருவரும் மற்ற எல்லோருக்கும் ஒரு ஸ்டீரியோ படம் அனுப்ப வேண்டும். அட்டையின் பின்புறம் எந்த லென்ஸ், எந்த முறை என்ற விவரம் இருக்கும். ‘எந்த லென்ஸ் ப்ரோ?’ என்று இன்று கேட்கிறவரைக் கேலி செய்வதில் நமக்கு உடன்பாடில்லை. பேச்சைத் தொடங்கக் கூச்சப்படுகிறவருக்கு அது ஒரு சாக்கு.

இப்போது நம் கைபேசிக் குழுக்கள். குலசேகரன்பட்டினம் தசரா முடிந்த மறுநாள் பாருங்கள்: காளி வேடம், குரங்கு வேடம், கடற்கரைச் சூரசம்ஹாரம் என்று படங்கள் கொட்டும். ஒவ்வொன்றின் கீழும் ‘செம’, ‘வேற லெவல்’, கும்பிடு, தீ. ஒருவருக்கு நாம் போட்டால்தான் நமக்கு அவர் போடுவார்; மொய் நோட்டுக் கணக்கேதான். படத்தைவிடப் பெரிதாகக் கையெழுத்து முத்திரை குத்தியிருப்பதைப் பற்றிக்கூட யாரும் வாய் திறப்பதில்லை. மறுபக்கம், சில குழுக்களில் ஒரு வாத்தியார் இருப்பார். மூன்றில் ஒரு பங்கு விதி, ஹைலைட் போச்சு, க்ராப் பண்ணு. எந்தப் படத்துக்கும் அதே மூன்று மருந்து. வாழ்த்துகிறவரும் வாத்தியாரும் ஒரு விஷயத்தில் ஒன்று: இருவருமே படத்தைப் பார்ப்பதில்லை.

ஆனால் வேறு மாதிரியும் நடக்கிறது. தூத்துக்குடி உப்பளத்தில் விடியற்காலையில் எடுத்த படம் ஒன்று, தினமும் காலை வணக்கமும் மழை நிலவரமும் பேசிக்கொள்கிற ஒரு சின்னக் குழுவில் வந்தது. வரப்பில் வரிசையாகப் போகும் பெண்கள், பாத்தித் தண்ணீரில் அவர்கள் நிழல். “அண்ணே, தொடுவானம் சாஞ்சிருக்கு” என்றார் ஒருவர். “தம்பி, நானே வரப்புல சாஞ்சுதான் நின்னேன். வழுக்குதுல்ல!” என்றார் எடுத்தவர். சிரிப்பு. அப்புறம் ஓர் அக்கா கேட்டார்: “அப்போ இன்னும் கொஞ்சம் சாய்ச்சிருக்கலாமே? இந்த அளவுக்குச் சாஞ்சா தப்பு மாதிரிதான் தெரியுது. நல்லா சாஞ்சிருந்தா, அவங்க வழுக்கி வழுக்கி நடக்கிறது எங்களுக்கும் தெரிஞ்சிருக்கும்.” எந்த விதிப் புத்தகத்திலிருந்தும் வந்த பேச்சு இல்லை இது. வரப்பு வழுக்கும் என்று எடுத்தவர் வாயைத் திறந்து சொன்னதால் வந்தது. அவர் வாயைத் திறந்தது, கேட்டவர் பழகிய தம்பி என்பதால். விமர்சனத்துக்கு இடையூறு என்று அரட்டைக்குத் தடை போடும் குழு நிர்வாகிகள் இதை யோசிக்க வேண்டும். முன்பின் தெரியாதவர் ‘சாய்ந்திருக்கிறது’ என்றால் நாம் மறுநாளே நேராக்கிவிடுவோம், இல்லையென்றால் கோபித்துக்கொள்வோம். இரண்டிலும் படம் ஓர் அடி நகர்வதில்லை.

நட்பு என்ற பேரில் எல்லாம் செல்லும் என்று நாம் சொல்லவில்லை. பெண் பெயரில் ஒரு படம் வந்தால் பேச்சு படத்தை விட்டு ஆளுக்குத் தாவுகிறது. கேட்காமலே கேமரா பாடம், இன்பாக்ஸில் ‘ஹாய்’. நல்ல கண் உள்ள பலர் சத்தமில்லாமல் குழுவை விட்டு வெளியேறக் காரணம் கடுமையான விமர்சனம் அல்ல, இதுதான். நிர்வாகிகள் தடை போட வேண்டியது இதற்கு.

அடுத்த இதழிலிருந்து பின்னட்டையின் உட்பக்கத்தை வாசகர் படத்துக்கு ஒதுக்குகிறோம். இதழுக்கு ஒரு படம். அதைப் பற்றி வரும் கடிதங்களும் எடுத்தவர் பதிலும் அதற்கடுத்த இதழில் வரும். மதிப்பெண் கிடையாது, பரிசு கிடையாது. கேமராவோ கைபேசியோ, எதில் எடுத்திருந்தாலும் சரி. எந்த ஊர், எங்கே நின்று எடுத்தது என்று இரண்டு வரி கூடவே எழுதுங்கள். படத்தின் மேல் பெயரைப் பொறிக்காதீர்கள். அதை நாங்கள் கீழே அச்சிடுவோம். வண்ணத்துக்கு இதழிடம் காசில்லை, கறுப்பு வெள்ளைதான். சூரிய அஸ்தமனம் அனுப்ப நினைப்பவர்கள் கவனிக்கவும்.