மல்லிகைச் செடிக்குக் காலண்டர் தெரியாது

கார்த்திகையில் மழை ஓய்ந்ததும் மல்லிகையைக் கவாத்து செய்வது பழைய வழக்கம். நவம்பர் கடைசியில் வெட்டினால் பங்குனியில் பூ வரத் தொடங்கும். பருவம் ஒழுங்காக இருந்தவரை இந்தக் கணக்கு சரி.

ஆனால் 2024-ல் நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. டிசம்பர் 1-ல் திருவண்ணாமலை மலையில் மண் சரிந்து 7 பேர் இறந்தார்கள். அந்தத் துயரத்துக்கு முன் பூச்செடி சின்ன விஷயம்தான். இருந்தாலும், வீட்டில் பூத்ததைக் கட்டி விற்பவர்களுக்கு அது வருமானம்.

தண்ணீர் தேங்கினால் காற்றில்லாமல் வேர் அழுகும். அதன்மேல் மார்கழிப் பனியும் சேர்ந்தால் இலை மஞ்சளாகிக் கொட்டும். உடனே "செடி செத்துப்போச்சு" என்று பிடுங்கி எறிகிறார்கள். இது அவசரம்! குளிர் காலத்தில் மல்லிகை இலை உதிர்ப்பது இயல்புதான். தண்டை நகத்தால் லேசாகக் கீறிப் பாருங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. முதலில் தண்ணீரை வடியவிடுங்கள்.

இனிமேல் தேதியைப் பார்க்காமல், மண்ணைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கத்தரிக்கோலை எடுப்பதே நல்லது. பூ சில நாள் தள்ளி வரலாம்... செடி மிஞ்சும்.