அளக்குங் கருவியையும் அளத்தல் வேண்டும்

அளவு பிழைப்பின் வாணிகம் கெடும் என்பதனைத் திருப்பூர் மாந்தர் நன்கறிவர். பின்னலாடைத் துணி சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் நிறை உடையதாதல் வேண்டும் என அயல்நாட்டு வணிகர் கேட்பின், அத்துணியினை வட்டமாக வெட்டித் தராசிலிட்டு நிறுத்த பின்னரே தையலுக்கு விடுகின்றனர். தராசு பொய்ப்பின் சரக்கு முழுவதும் திரும்பிவரும். துணியின்பாற் காட்டும் இவ்விழிப்பு, அதனைத் தைப்பாரது குருதியை அளக்குங்காலும் வேண்டாவோ என்பதே நமது வினா.

நம் நாட்டில் நீரிழிவுற்றார் 10 கோடிக்கு மேற்பட்டவர் என இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023-இல் அறிவித்தது. 2021 ஆகஸ்டு 5-ஆம் நாள் தமிழக அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' என்னுந் திட்டத்தால், குளுக்கோமீட்டர் என்னுஞ் சிறு கருவி இல்லந்தோறும் சென்றது. இது போற்றற்குரியதே. ஆயினும் அக்கருவி காட்டும் எண்ணை ஆராயாது ஏற்றல் தகாது.

2013-இல் திருத்தப்பெற்ற ஐ.எஸ்.ஓ. 15197 என்னும் உலக நியமம் இக்கருவிகட்கு ஓர் எல்லை வகுத்துள்ளது. சர்க்கரை டெசிலிட்டருக்கு 100 மில்லிகிராமின் குறைந்துழி 15 மில்லிகிராமுக்குள்ளும், 100-உம் அதற்கு மேலும் ஆயவிடத்து நூற்றுக்குப் 15 பங்குக்குள்ளும், நூறு சோதனைகளுள் 95 உண்மையளவோடு ஒத்தல் வேண்டும். எனவே உண்மையில் 200 உடையார்க்கு 170 எனினும் 230 எனினும் கருவி குற்றமுடையதாகாது. நோயின் போக்கைக் கண்காணித்தற்கு இது போதும். நோய் உண்டென உறுதி செய்தற்கு, நாளத்தினின்றும் எடுத்த குருதியை ஆய்வுக்கூடத்திற் சோதித்தலே முறை.

மற்றுமோர் இடர் உண்டு. செவ்வணுக்கள் குறைந்த குருதியிற் பல கருவிகள் சர்க்கரையை மிகுத்துக் காட்டும். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்டிருட் பாதிக்கு மேற்பட்டார் சோகையுடையர் என்பது 2019–21-ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்ப நல ஆய்வு தரும் செய்தி. பின்னலாடைச் சாலைகளில் உழைப்பாருட் பெண்டிர் மிகப் பலர். இன்சுலின் ஏற்கும் ஒருத்திக்குச் சர்க்கரை 60 ஆகத் தாழ்ந்திருக்க, கருவி 80 எனக் காட்டுமாயின், அவள் ஒன்றும் உண்ணாது இரவு வேலைக்குச் செல்வாள். ஓடும் இயந்திரத்தின் முன் மயங்கி வீழ்தலுங் கூடும்.

ஆதலின் நாம் வேண்டுவன சிலவே. தொழிற்சாலைகளில் நிகழும் மருத்துவ முகாம்களிற் பயன்படுங் கருவிகளை, ஆய்வுக்கூட அளவோடு அவ்வப்போது ஒப்பிட்டு நோக்குக. சோதனைப் பட்டைகளை வெம்மையும் ஈரமும் அணுகாது மூடி வைக்க. பழஞ்சாறு முதலியன விரலிற் படிந்திருப்பினும் அளவு பொய்க்குமாதலின், கை கழுவி ஈரம் துடைத்த பின்னரே குருதி எடுக்க. சோகையுடையாரை முன்னரே அறிந்து, அவர் அளவை மருத்துவர் தனித்து ஆராய்க.

இவற்றிற்குப் பொருட்செலவு உண்டென்பார் உளர். துணியின் நிறையைச் சோதித்தற்குச் செலவு செய்யத் தயங்காத ஊர், உயிரின் பொருட்டுத் தயங்குதல் முறையாமோ?