தராசில் ஏற்றத் தயங்க வேண்டாம்



பிள்ளையை நிறுத்தால் கண்ணூறு படும் என்று அங்கன்வாடிக்கு அனுப்ப மறுக்கும் மூத்தவர்கள் நம் திண்டுக்கல் வீடுகளில் இன்றும் உளர். கண்ணூறு உண்மையென நபிமொழி உண்டு, மறுக்கவில்லை. பாதுகாவல் தேட 'குல் அஊது' சூராக்கள் இரண்டிருக்கின்றனவே! ஓதி ஊதிவிட்டுத் தூக்கிச் செல்லுங்கள்.

1980இல் உலக வங்கிக் கடனுதவியுடன் தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் தொடங்கியபோது நம்மூர் மதுரை மாவட்டத்தில் இருந்தது. அம்மாவட்டத்துக் கொட்டாம்பட்டி ஒன்றியத்தில்தான் முதற்பணி நடந்தது. ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள மழலையரை மாதந்தோறும் நிறுத்து அட்டையில் புள்ளியிட்டனர். எடை ஏறாத பிள்ளைக்கே சத்துருண்டை, தேறியதும் நிறுத்தினர். மெலிந்தபின் மருந்து தேடுவதன்று, மெலியுமுன் கண்டறிவதே நோக்கம்.

கொழுகொழுவென்ற கன்னத்தைக் கண்டு நாம் ஏமாறுகிறோம். மூன்று கிலோவுடன் பிறந்த பிள்ளை ஐந்தாறு மாதத்தில் ஆறு கிலோவும், ஓராண்டில் ஏறத்தாழ ஒன்பது கிலோவும் இருத்தல் வேண்டும். பெரும்பாலும் கோடு படுத்துக்கொள்வது ஆறு மாதத்திற்குப் பின்னர்தான். அதுவரை தாய்ப்பால் மட்டுமே போதும், பிறகு போதாது. நாமோ நீர்த்த கஞ்சியைப் புகட்டுகிறோம்; வயிறு நிறைகிறது, சத்துச் சேர்வதில்லை. கரண்டியிலிருந்து வழியாத பதத்தில் சோறும் பருப்பும் குழைத்து, சிறிது நெய் விட்டு ஊட்டுங்கள். முட்டையும் நன்று. திருக்குர்ஆன் கூறும் ஈராண்டுப் பாலூட்டலும் தொடரட்டும்.

அட்டையை அரிசிப் பானைக்கு மூடியாக்கிவிடாதீர்கள்! ஒரு மாதம் எடை ஏறாவிடில் உணவைக் கவனியுங்கள். மறுமாதமும் ஏறாவிடில் அட்டையுடன் மருத்துவரிடம் செல்லுங்கள்.