'சும்மா' இருக்கும் கைகள்

கல்லூரியில் சேரும்போது ஒரு படிவம் தந்தார்கள். 'தாயின் தொழில்' என்ற இடத்தில் யோசிக்காமல் 'இல்லை' என்று எழுதினேன். தலவிலையில் எங்கள் வீட்டு விறாந்தையில் அன்றிரவு உம்மா ஒரு மேசை விரிப்பின் கடைசிச் சுற்றைப் பின்னிக்கொண்டிருந்தார். நூலுருண்டை என் காலடிக்கு உருண்டு வந்தது. எடுத்துக் கொடுக்கவே வெட்கமாக இருந்தது.

எங்கள் உம்மும்மா 1990 ஒக்டோபரில் மன்னாரிலிருந்து வள்ளத்தில் வந்து கற்பிட்டியில் இறங்கியவர். வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்ட அந்த நாட்களில் பாய் தலையணை கொண்டுவர யாருக்கு வாய்த்தது? ஓலைக் கொட்டிலில் இருந்துகொண்டு, தையற்கடையில் கழித்த துண்டுத் துணிகளைச் சேர்த்து, நடுவில் பழைய சாரத்தை வைத்துப் போர்வை தைத்தார். நான்கு பிள்ளைகள் அதற்குள் உறங்கினார்கள். அதையும் நாம் வேலை என்று சொன்னதில்லை. 'கைப்பழக்கம்' என்றுதான் சொல்கிறோம்.

உம்மாவிடம் ஒரு கணக்குக் கேட்டேன். அந்த மேசை விரிப்புக்கு நூல் 900 ரூபா. வாங்க வந்தவர் பேரம் பேசி 2,500 ரூபா கொடுத்தார். பின்னிய நேரம் ஏறக்குறைய 40 மணித்தியாலம். மிச்சம் 1,600 ரூபா. மணிக்கு 40 ரூபா. உம்மா அதுவரை நேரத்தை எண்ணியதே இல்லை. உழைத்தவரின் வியர்வை உலருமுன் கூலி கொடுக்கச் சொன்ன மார்க்கத்தில் இருந்துகொண்டு, வீட்டுப் பெண்ணின் வியர்வையை நாம் வியர்வையாகவே எண்ணுவதில்லை.

துணி நெய்ய மெசின் உண்டு, ஸ்வெட்டர் பின்னவும் உண்டு. குரோஷே ஊசியின் வேலையைக் கையைப் போலச் செய்யும் மெசின் மட்டும் இன்னும் கடைத்தெருவுக்கு வரவில்லை. எந்த நாட்டில் விற்கும் குரோஷே விரிப்பானாலும், அதற்குப் பின்னால் ஒருவரின் விரல்கள் இருக்கின்றன. 1840களில் அயர்லாந்தில் பஞ்சம் வந்தபோது, குரோஷே லேஸ் பின்னி விற்றுக் குடும்பங்கள் உயிர்பிழைத்தன. அமெரிக்காவின் அலபாமாவில் கறுப்பினப் பெண்கள் 1966இல் ஒரு கூட்டுறவு அமைத்து ஒட்டுத்துணிப் போர்வைகளை விற்றார்கள். அதே பகுதியிலுள்ள ஜீஸ் பெண்ட் என்ற ஊரின் போர்வைகள் 2006இல் அந்நாட்டுத் தபால் முத்திரைகளில் இடம்பெற்றன. அவ்வூர்ப் போர்வைகளிலும் பழைய வேலையுடுப்புகளைக் கிழித்துத் தைத்தவை உண்டு. எங்கள் உம்மும்மாவின் சாரத்தைப் போல.

தையலும் பின்னலும் பெண்ணை வீட்டுக்குள் பூட்டிவைக்கும் என்று என் தோழியர் சிலர் சொல்கிறார்கள். அவர்களுடைய கோபம் எனக்கு விளங்குகிறது. ஆனால் பூட்டு ஊசியில் இல்லை. தனித்தனியே இருந்து, விலை தெரியாமல், வந்தவர் கொடுத்ததை வாங்கிக்கொள்வதில் இருக்கிறது. மார்ச்சிலும் ஓகஸ்டிலும் புனித அன்னம்மாள் திருவிழாவுக்கு நாட்டின் எல்லாப் பக்கமிருந்தும் சனம் நம்மூருக்கு வருகிறது. பத்து வீட்டுப் பெண்கள் சேர்ந்து ஒரே விலை வைத்து ஒரு கடை போட்டால், பேரம் பேசுகிறவரும் கொஞ்சம் யோசிப்பார். கணக்குப் படித்த பிள்ளைகள் நாம் கொப்பியும் பேனையும் எடுத்து உம்மாமாரின் பக்கத்தில் அமர்ந்தால் போதும். நூல் எவ்வளவு, நேரம் எவ்வளவு, விலை எவ்வளவு என்று எழுதிவைப்போம்.

இந்த வருடம் உதவிப்பணப் படிவம் வந்தது. 'தாயின் தொழில்: பின்னல், தையல்' என்று எழுதினேன். உம்மா வாசித்துவிட்டு, "வருமானம் எவ்வளவென்று கேட்டா என்ன சொல்லப் போறாய் மகள்?" என்றார்.

கொப்பியைத் திறந்து காட்டினேன்.